சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் ராத்திரி பூரா தேடுவோம். கூட்டிப் பார்ப்போம், கழித்துப் பார்ப்போம், பக்கத்து சீட்காரரைத் திட்டிப் பார்ப்போம். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் வித்தியாசத் தொகையை அப்படியே தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டுவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிப்போம். பின்னால் நிதானமாகத் தப்பைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை நேர் செய்யணும். வருஷக் கடைசியிலும் அது அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள்...

மூன்று பாகமாக நாவல் எழுதுகிறவர்கள் செய்வதும் இதேதான். முதல் பாகத்தில் நாலு மர்மம். இரண்டாம் பாகத்தில் இன்னும் எட்டு. எல்லாம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். மூன்றாம் பாகம் என்பது ஆடிட்.

எனக்கு அப்படி ஒரு ஆடிட் 2013 பிப்ரவரி 27-ஆம் தேதி, புதன்கிழமை. அமீஷ் திரிபாதி எழுதிய சிவா முத்தொகுதியின் கடைசிப் புத்தகம், 'வாயுபுத்திரர் வாக்கு', இங்கிலீஷில் வெளியான நாள். மறுநாள் மத்திய பட்ஜெட். ஆபீஸே வருமான வரி உச்சவரம்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, நானும் பக்கத்து சீட் நண்பரும் மட்டும் சதிக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். (சதி என்றால் சூழ்ச்சி இல்லை ஸார். தாட்சாயணி. சிவனின் மனைவி.)

எங்களுக்கு ஏன் இந்தப் புத்தகத்தின் மேல் அவ்வளவு பாசம் என்று சொல்லணும். எழுதிய ஆசாமி நம்ம ஜாதி. அதாவது ஃபைல் ஜாதி. ஐ.ஐ.எம். கல்கத்தாவில் படித்துவிட்டு 14 வருஷம் பாங்க், இன்ஷூரன்ஸ் என்று வேலை பார்த்தவர். முதல் புத்தகத்தை ஆபீஸ் போகிற வழியில் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து லாப்டாப்பில் தட்டினாராம். முதலில் தத்துவப் புத்தகமாகத்தான் எழுதினாராம். வீட்டிலேயே 'பாடப் புத்தகம் மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் கதையாக்கினார். பதிப்பகங்கள் வரிசையாகக் கையை விரித்தன. இருபதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவருடைய ஏஜெண்ட்டே 2010 பிப்ரவரியில் அச்சுப் போட்டார். முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அடித்துக் கடைகளில் இலவசமாக வைத்தார்கள். சோப்புக் கம்பெனி சாம்பிள் பாக்கெட் கொடுப்பது போல. யூடியூபில் சினிமாவுக்கு விடுவது மாதிரி ட்ரெய்லர் வேறு.

காரின் பின் சீட்டு நமக்குக் கிடையாது. மின்சார ரயிலில் ஜன்னலோரமே கிடையாது. இருந்தாலும் 'ஒரு ஆபீஸ்காரன் ஜெயிச்சுட்டான்யா' என்று நண்பர் சொன்னபோது எனக்கும் மார்பு ஒரு அங்குலம் விரிந்தது உண்மை.

எச்சரிக்கை: இன்னும் படிக்காதவர்கள், படிக்கப் போகிறவர்கள் இந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம். அடுத்த பாராவிலிருந்து கதை மொத்தமும் உடைபடும்.

கதை கி.மு. 1900-ல் நடக்கிறது. சிவன் கடவுள் இல்லை. திபெத்தில் மானசரோவர் ஏரிக்கரையில் வாழும் ஒரு மலைக் கூட்டத்தின் தலைவர். சிலிம் பிடிப்பார், நன்றாக ஆடுவார், சண்டை போடுவார், ஜோக் அடிப்பார். மெலூஹா என்ற நாட்டுக்காரர்கள் அவரையும் கூட்டத்தாரையும் கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் சிந்து சமவெளி நாகரிகம் என்று படித்தோமே, அதுதான் மெலூஹா. நேர்கோட்டில் தெரு, மூடி போட்ட சாக்கடை, ராமர் வகுத்த சட்டம். யாரும் கிழவர் ஆவதில்லை. காரணம் சோமரசம் என்கிற மருந்து. அதைச் சிவனுக்குக் கொடுத்ததும் அவர் தொண்டை நீலமாகிவிடுகிறது. உடனே ஊரே காலில் விழுகிறது. நீலகண்டர் வருவார், தீமையை அழிப்பார் என்று அங்கே பழைய நம்பிக்கை. எல்லையில் சந்திரவம்சத்தார் என்று எதிரிகள். சிவன் நம்பிப் படையோடு போய் ஜெயிக்கிறார்.

ஜெயித்த பிறகுதான் விஷயம். அயோத்திக்குள் நுழைந்தால் அங்கே இருக்கிறவர்களும் நீலகண்டருக்காகத்தான் இத்தனை நாள் காத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் தீமை என்பது மெலூஹாக்காரர்கள்! நல்லவர்கள் என்று நினைத்து ஒரு பக்கம் சேர்ந்து, தப்பே செய்யாத இன்னொரு பக்கத்தைக் கொன்றாயிற்று. சிவன் நொறுங்கிப் போகிறார். அந்த இடத்தில் நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி இரண்டு ஸ்டேஷன் போய்விட்டேன்.

இந்த யோசனை அமீஷுக்கு எப்படி வந்தது தெரியுமா? வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பழைய பாரசீகத்தில் நம் அசுரர்கள்தான் அஹுரர்கள், தெய்வங்கள். நம் தேவர்கள் அங்கே பேய்கள். அப்படியென்றால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று குடும்பத்தில் ஒரு வாக்குவாதம். அதிலிருந்து முளைத்ததுதான் மொத்தக் கதையும். நம் வீட்டில் டி.வி. பார்த்தால் ரிமோட் யாருக்கு என்ற வாக்குவாதம்தான் முளைக்கிறது.

சரியாக 18 மாசம் கழித்து, 2011 ஆகஸ்டில், இரண்டாம் பாகம். 'நாகர்களின் இரகசியம்'. அங்கவீனத்தோடு பிறந்ததால் மெலூஹாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள்தான் நாகர்கள். இதுவரை வில்லனாகக் காட்டிய நாகர் தலைவன் யார் என்று பார்த்தால் கணேசன். சதியின் மூத்த பிள்ளை. பிறந்ததும் செத்துவிட்டது என்று பொய் சொல்லிக் குழந்தையை ஒளித்தது சதியின் அப்பா, சக்கரவர்த்தி தட்சன். அடேயப்பா! கடைசிப் பக்கத்தில் சிவன் ஒரு பள்ளிக்கூட அறைக்குள் பார்க்கிறார். முதல் பாகத்தில் செத்துப்போனதாக நாம் எல்லோரும் அழுத பிருஹஸ்பதி அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். முற்றும். மிச்சம் அடுத்த பாகத்தில்.

மறுபடி 18 மாசம்.

அந்த 18 மாசமும் லஞ்ச் டயத்தில் எங்களுக்கு ஒரே பேச்சு. தீமை யார்? நண்பர் தட்சன் மேல் பந்தயம் கட்டினார். நான் பிருகு முனிவர் மேல். ஒரு சிக்கன் பிரியாணி பந்தயம். இன்னொரு ஆசையும் இருந்தது. முதல் பாகத்தில் மனு என்ற ஆதி தலைவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு வரி வரும். கடலில் மூழ்கிய சங்கத்தமிழ் என்ற நாட்டிலிருந்து வந்த பாண்டிய இளவரசர்! ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டோம். மூன்றாம் பாகத்தில் நிச்சயம் கப்பல் தெற்கே வரும் என்று நண்பர் சத்தியமே பண்ணினார்.

புத்தகம் வந்தது. முதல் அச்சே 5 லட்சம் பிரதி என்று பேப்பரில் போட்டார்கள். பாட்டு ஆல்பம் எல்லாம் வெளியிட்டார்கள். நான் ஒரு பிரதி வாங்கினேன். நான் முடித்ததும் நண்பருக்கு என்று ஏற்பாடு. ஐந்நூறு பக்கத்துக்கு மேல். நாலு நாளில் முடித்தேன்.

முடித்ததும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீமை யார்? யாருமில்லை. சோமரசம். ஆமாம், முதல் பாகத்தில் எல்லோரும் குடித்தார்களே, அதேதான். அதைத் தயாரிக்க சரஸ்வதி நதித் தண்ணீர் ஏராளமாகச் செலவாகிறது. நதி வற்றுகிறது. கழிவு விஷம். அதைத் திபெத்தில் ஆற்றோடு விட, அது பிரம்மபுத்திராவாக இறங்கி, பிரங்க தேசத்தில் கொள்ளைநோயாகிறது. நாகக் குழந்தைகள் குறையோடு பிறப்பதும் சோமரசத்தால்தான். பந்தயம் ரத்து. பிரியாணி ரத்து. 'மூணு வருஷம் காக்கவெச்சு ஃபாக்டரி கழிவுதான் வில்லன்கிறாரே, இதுக்குப் பொல்யூஷன் போர்டு போதாதா? நீலகண்டர் எதுக்கு?' என்று நான் ஆபீஸில் அடித்த ஜோக்குக்கு நல்ல வரவேற்பு.

அது சும்மா ஜோக்குத்தான். நிஜமான குறை வேறே.

முதல் குறை, மீட்டிங். பிருஹஸ்பதி உட்கார்ந்து விளக்குகிறார். கோபால் என்கிற பெரியவர் உட்கார்ந்து விளக்குகிறார். மேப்பை விரித்து எந்த ஆற்றில் எத்தனை கப்பல், எந்தக் கோட்டையில் எத்தனை வீரர் என்று பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். குவார்ட்டர்லி ரிவ்யூ மீட்டிங்கிலிருந்து தப்பிப்பதற்காகத்தானே ஸார் நாம் கதைப் புத்தகமே வாங்குகிறோம்?

இரண்டாவது, நீலத் தொண்டை. சிறு வயதில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் கொடுத்திருந்த மருந்தின் வேலை அது என்று விளக்கிவிடுகிறார் ஆசிரியர். வித்தை காட்டுகிறவன் ஆட்டம் முடிந்ததும் நம்மைத் தனியாகக் கூப்பிட்டுத் தொப்பிக்கு அடியில் இருக்கிற ஓட்டையைக் காட்டினால் எப்படி இருக்கும்? கணக்கு சரிதான். குஷி போய்விட்டது.

வாயுபுத்திரர்கள் சமாசாரம் இன்னும் வேடிக்கை. தலைப்பே அவர்கள் பேரில். அவர்கள் இருப்பதோ பரிஹா, அதாவது பாரசீகம். எந்த ஊரை வைத்து இந்தக் கதையே முளைத்ததோ அந்த ஊர்! அங்கே சிவன் போகிறார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் தெய்வம் அங்கே பேய், அவர்கள் தெய்வம் இங்கே பேய். ரெண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்? ஒன்றும் பெரிதாக இல்லை. போனார். ஒரு ஆயுதத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். போஸ்டரில் பெரிய எழுத்தில் பேர், படத்தில் கெஸ்ட் ரோல். (கப்பல் தெற்கே வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

தட்சன்தான் எனக்குப் பெரிய வருத்தம். இரண்டாம் பாகம் வரை அவர் பயங்கரமான ஆள். மகள் தன்னை விட்டுப் போகக்கூடாது என்பதற்காக மருமகனைக் கொன்றவர், பேரனை மறைத்தவர். பாசம்தான். ஆனால் புளித்துப்போன பாசம். இப்படி ஒரு அப்பாவை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம் என்பதால்தான் பயம். மூன்றாம் பாகத்தில் அவரைக் கோமாளி ஆக்கிவிட்டார் அமீஷ். எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள், அவர் புலம்புகிறார். அப்புறம் ஒரு மட்டமான திட்டம் போடுகிறார்.

அந்த மட்டமான திட்டத்தில்தான் புத்தகத்தின் மிக நல்ல பகுதி வருகிறது என்பது வேறு விஷயம். சமாதான மாநாடு என்று அழைப்பு. சிவனைத் தீர்த்துக்கட்ட எகிப்திலிருந்து கூலிக் கொலைகாரர்கள். சிவன் ஊரில் இல்லை. சதி போகிறாள். தட்ச யாகத்தில் தாட்சாயணி தீயில் விழுந்த கதை நமக்கெல்லாம் பாட்டி சொன்னது. முடிவு தெரிந்ததுதான். தெரிந்தும் வயிற்றைக் கலக்குகிறது. இங்கே அவள் தீயில் விழவில்லை. வாளோடு நிற்கிறாள். வெட்டுப்பட்டு விழுகிறாள், எழுகிறாள். மறுபடி விழுகிறாள், மறுபடி எழுகிறாள். கொல்ல வந்தவனே மரியாதை கொடுக்கிறான். அந்த அத்தியாயத்தை நான் ரயிலில் படித்தேன். எதிர் சீட் அம்மா, 'என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?' என்று கேட்டார்.

அதுக்கப்புறம் வருவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பரிஹாவிலிருந்து சிவன் கொண்டுவந்தது பாசுபதாஸ்திரம். கதையில் அது அணுகுண்டு மாதிரி. பயமுறுத்தத்தான், பிரயோகிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கி வந்தார். தலைப்பில் இருக்கிற வாக்கு! மனைவியின் உடலைப் பார்த்ததும் வாக்கு போயிற்று. கூட இருப்பவர்கள் கெஞ்சியதில் அப்பாவிகள் வெளியேற மட்டும் வழி விடப்படுகிறது. அப்புறம் தேவகிரி என்ற தலைநகரமே சாம்பல். பர்வதேஸ்வரர் என்று மெலூஹாவின் தளபதி ஒருவர். சிவனையே தெய்வமாகக் கும்பிட்டவர். ஆனாலும் பிறந்த நாட்டை விட முடியாது என்று எதிர்ப் பக்கம் நின்றவர். அவர் ஊரை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே இருந்துவிடுகிறார். அவர் மனைவி ஆனந்தமயியும் கூடவே.

நண்பருக்கும் எனக்கும் கேன்டீனில் பெரிய சண்டை.

"ஏம்பா, சிவன்னா நெத்திக்கண் திறக்கத்தான்பா செய்வார். பெண்டாட்டியைக் கொன்னவன் ஊரைக் கொளுத்தாம கொஞ்சிக்கிட்டிருப்பாரா?"

"ஸார், அந்த சிவன் கடவுள். இந்த சிவன் மனுஷன்னு சொல்லித்தானே மூணு புத்தகம் வித்தாங்க? மனுஷன்னா கணக்குச் சொல்லணும் ஸார்."

"க்ளைமாக்ஸ்னா அப்படித்தான் இருக்கணும். உனக்கு ரசனை பத்தாது."

ரசனை பத்தாது என்றதில் எனக்கு ரோஷம் வந்து ஒரு வாரம் தனியாகச் சாப்பிட்டேன். அதே மாசம் அமீஷின் அடுத்த தொடருக்கு ஒரு மில்லியன் டாலர், சுமார் 5 கோடி ரூபாய், முன்பணம் என்று செய்தி வந்தது. தலைப்பு என்ன, கதை என்ன என்று எதுவும் தெரியாமலே! நண்பர் அந்தப் பேப்பரை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை.

இதெல்லாம் பழைய கதை. அப்புறம் நண்பர் மாற்றலாகி மதுரைக்குப் போனார். அமீஷ் ராமர் கதையை 2015-ல் ஆரம்பித்து 2022 வரை நாலு புத்தகமாக எழுதினார். நானும் வாங்கினேன். கேட்காதீர்கள்.

போன மாசம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மூன்று புத்தகமும் பரணிலிருந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பிரித்தவன் தொடர்ந்து மூன்றையும் படித்தேன். 18 மாசம் காத்திருக்காமல் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. நான் கிண்டல் பண்ணிய சோமரசம் இப்போது கிண்டலாக இல்லை. ஒரு காலத்தில் நல்லதாகவே இருந்த ஒரு பொருள். யாரும் கெட்ட எண்ணத்தில் தயாரிக்கவில்லை. எல்லோருக்கும் வேண்டும் என்று ஆனதும் ஆறு வற்றுகிறது. இளமை மேலே இருக்கிறவர்களுக்கு, நோய் கீழே இருக்கிறவர்களுக்கு. மெலூஹாக்காரர் பெரும்பாலோர் பிரங்க தேசத்தைப் பார்த்ததுகூட இல்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடின நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்கள் இந்த வில்லனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். 2013-ல் சிரித்தேன். தப்பு என்னுடையது. அந்தத் தொகையை வரவில் வைத்துவிட்டேன்.

மீட்டிங்குகள் இப்போதும் மீட்டிங்குகள்தான்.

ஆனால் அந்தக் குண்டு விஷயத்தில் என் கட்சி இன்னும் பலமாகியிருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் தெரிகிறது, முதல் பாகத்தில் சிவன் ஏற்கெனவே ஒரு தடவை தப்புப் பண்ணினவர். தீமை என்று நினைத்து அப்பாவிகள் மேல் படையெடுத்தவர். இரண்டாம் பாகம் முழுக்க அந்தக் குற்ற உணர்ச்சியைத் தூக்கிச் சுமந்தவர். அப்படிப்பட்ட ஆள் இரண்டாம் தடவை ஒரு ஊரின் முன்னால் நிற்கும்போது அயோத்தி ஞாபகம் வர வேண்டாமா? ஒரு பக்கம்? அரைப் பக்கம்? கோபத்தில் செய்தார் என்றால் சரி, மனுஷன்தானே. செய்த பிறகாவது அந்தப் பழைய கணக்கையும் இந்தப் புதுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். கைலாயத்துக்குப் போய் துக்கத்தோடு வாழ்ந்தார் என்று காட்டுகிறார்கள். மனைவிக்காகத் துக்கம், நிச்சயமாக. ஊருக்காக? ஆசிரியர் அவசரமாகப் புராணத்தில் கொண்டுபோய்க் கதையைச் சேர்த்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடித்துவிட்டார். முதல் பாகத்தில் போட்ட அந்தப் பெரிய தொகை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டிலேயே நிற்கிறது.

இதை நண்பரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதோடு வேறொரு காரணமும் இருந்தது. மூன்றாம் புத்தகத்தில், 200-ஆவது பக்கத்தைத் தாண்டி ஒரு மீட்டிங் நடந்துகொண்டிருக்கும் இடத்தில், ஒரு ரயில்வே சீசன் டிக்கெட் செருகியிருந்தது. நண்பருடையது. 2013 மார்ச்சோடு காலாவதி. அதற்கு அப்பால் புத்தகம் புதுசு. முதுகில் ஒரு மடிப்புக்கூட இல்லை.

மதுரைக்குப் போன் போட்டேன். குழந்தைகள் படிப்பு, சர்க்கரை அளவு எல்லாம் விசாரித்துவிட்டு, சீசன் டிக்கெட் கிடைத்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஸார், ஒரு மாசம் அந்த க்ளைமாக்ஸுக்காக என்னோட சண்டை போட்டீங்களே ஸார்! ரசனை பத்தாதுன்னீங்களே!"

"நீதானேப்பா தினமும் கேன்டீன்ல உட்கார்ந்து சீன் சீனாச் சொன்னே. அப்புறம் நான் வேற எதுக்குப் படிக்கணும்?" என்றார். ஒரு செருமல். "அது கிடக்கட்டும். அந்தத் தளபதி ஊருக்குள்ளேயே இருந்துட்டார்னியே... நிஜமாவே செத்துட்டாரா, இல்லே கடைசியில ஏதாவது பண்ணித் தப்பிச்சுட்டாரா?"